கும்மிடிப்பூண்டியில் ஒரு சின்ன மாமி

மூர் மார்க்கெட்டில் கிளம்பும் வடக்குப் புறநகர் ரயில்களில் பெரும்பாலானவை கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும். சில மட்டும் ஆந்திர எல்லை தாண்டிச் சூலூர்பேட்டை வரை போகும். எண்ணூர், அத்திப்பட்டின் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று ஏறக்குறைய 48 கிலோமீட்டர் கடந்து இறங்கினால் பிளாட்பாரத்திலேயே மூன்று மொழி காதில் விழுகிறது. தமிழும் தெலுங்கும் இந்த மண்ணுக்குப் பழையவை. பிறகு வந்த இந்தியில், பீகார், ஒடிசா பையன்கள் ஷிப்டுக்கு நேரமாகிறது என்று ஒருவரையொருவர் விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

அறுபதுகளில் கிட்டாரோடு வந்த பாட்டுகளைத் தேடி வந்திருக்கிறேன் என்று சொன்னால் ஷேர் ஆட்டோக்காரர் ஏற இறங்கப் பார்ப்பார். "சிலோன் கேம்ப்" என்றேன். "ஏறு சார்" என்றார்.

ஜி.என்.டி. சாலையில் லாரிக்குப் பின்னால் லாரி. உள்ளே போகிறவற்றில் துருப்பிடித்த பழைய இரும்பு, வெளியே வருகிறவற்றில் கட்டுக் கட்டாகக் கட்டுமானக் கம்பி. சிப்காட்டின் பழைய தொழிற்பேட்டைகளில் இது ஒன்று. உருக்காலைகளும் ரோலிங் மில்களும் சாலையோரப் புளியமரங்களின் இலையைக்கூட விட்டுவைக்கவில்லை, எல்லாவற்றின் மேலும் கரி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனின் செல்போனில் போஜ்புரிப் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. ஊரை விட்டு வந்தவன் சோகப் பாட்டுக் கேட்பான் என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். அவன் கேட்டது துள்ளாட்டப் பாட்டு, காலால் தாளமும் போட்டுக்கொண்டிருந்தான்.

பெத்திக்குப்பம் பக்கம் இறங்கிக்கொண்டேன். இலங்கைத் தமிழர்கள் இங்கே வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. தமிழ்நாட்டின் பெரிய முகாம்களில் இது ஒன்று. 2021 ஆகஸ்டில் அகதிகள் முகாம் என்ற பெயரை மாற்றி 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று ஆக்கினார்கள். அதே மாதம் மாநிலம் முழுவதும் முகாம்களில் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவது உட்பட 317 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றும் அறிவிக்கப்பட்டது. வெளியாள் உள்ளே போக வேண்டுமானால் அனுமதி வாங்க வேண்டும். பாட்டுப் பேசுவதற்கு அதெல்லாம் எதற்கு என்று, ஏற்கெனவே போனில் பேசியிருந்த பெரியவர் முகாமுக்கு வெளியே இருந்த டீக்கடைக்கு வரச் சொல்லியிருந்தார்.

எழுபதைத் தாண்டியவர். திருகோணமலைக்காரர், 1990-ல் வந்தவர். பெயின்டர். முகாம்களில் ஆண்களுக்குக் கிடைத்த வேலைகளில் முக்கியமானது பெயின்ட் அடிப்பது. சென்னையின் உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக்கொண்டு வண்ணம் பூசியவர்களில் இந்த ஊர் முகாம்காரர்கள் கணிசம். இவர் இப்போது உயரம் ஏறுவதில்லை.

"வாங்கோ தம்பி. பாட்டைப் பற்றிக் கதைக்க ஒருத்தர் வாறார் எண்டு சொன்னன், மனுசி நம்பேல்லை. இஞ்ச வாற ஆக்கள் எல்லாம் சண்டையைப் பற்றித்தான் கேக்கிறவை."

"சண்டை பத்தி நான் கேக்கப்போறதில்லைங்க ஐயா. சின்ன மாமியைப் பத்தித்தான்."

சிரித்தார். டீ வருவதற்கு முன்பே மேசையில் விரல் தாளம் போடத் தொடங்கிவிட்டது.

'சின்ன மாமியே' பாட்டை இந்தப் பக்கத்தில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் பலர் எங்கேயாவது கேட்டிருப்பார்கள். யார் பாடியது என்று கேட்டால் முழிப்பார்கள். பாடியவர் நிதி கனகரத்தினம். யாழ்ப்பாணத்து உரும்பிராய்க்காரர், விவசாயம் படித்தவர், பின்னாளில் ஆஸ்திரேலியாவில் குடியேறினார். 1960களின் பிற்பாதியில் அவர் கையில் கிட்டாரோடு பாடிய பாட்டு அது. ஒரு இளவட்டம் மாமியிடம் அவளுடைய மகளைப் பற்றி விசாரிக்கிறான், மாமி விட்டுக்கொடுக்காமல் பதில் சொல்கிறாள். கதை அவ்வளவுதான். மெட்டோ ஒரே தடவையில் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். இலங்கையில் அவரைத் தமிழ்ப் பொப்பிசையின் தந்தை என்கிறார்கள். இது அபிமானிகள் தூக்கிக் கொடுத்த பட்டம் இல்லை என்பது என் எண்ணம்.

"சலூன்லதான் முதல் கேட்டனான்" என்றார் பெரியவர். "தலை பாதி வெட்டினபடி இருக்கு. றேடியோவில இது போகுது. வெட்டுறவர் கத்தரிக்கோலை வைச்சிட்டு ஆடுறார். தமிழில இப்பிடிப் பாடலாமோ எண்டு இருந்துது. அதுவரைக்கும் பாட்டு எண்டால் ஒண்டு சினிமாப் பாட்டு, இல்லாட்டிக் கோயில்ல கச்சேரி."

அவர் ஊர் திருகோணமலை, 1957 வரை பிரிட்டிஷ் கடற்படைத் தளம் இருந்த துறைமுகம். மேற்கத்திய வாத்தியம் அந்த ஊருக்குப் புதிதில்லை. பரமேஸ், கோணேஸ் என்று அண்ணன் தம்பிகளாகச் சேர்ந்து அங்கிருந்தே ஒரு பொப்பிசைக் குழு கிளம்பியதைச் சொல்லும்போது குரலில் ஊர்ப் பெருமை. "எங்கட பெடியள்" என்றார். அவர்களுடைய பாட்டு ஒன்றை முழுதாகப் பாடிக் காட்டினார். குரல் உடைந்திருந்தது, தாளம் உடையவில்லை.

இதற்குள் இன்னும் இருவர் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் யாழ்ப்பாணத்து அம்மா, முகாமில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். இன்னொருவர் வவுனியாப் பக்கத்துக்காரர், அதிகம் பேசாதவர்; பேசினால் மறுத்துத்தான் பேசுவார்.

"எங்கட பக்கத்து ஊர்க்காரர்தான் நிதி" என்றார் அம்மா. "ஆனா எங்கட வீட்டில இந்தப் பாட்டைப் போட விடமாட்டினம். நல்ல குடும்பத்துப் பிள்ளையள் பாடுற பாட்டே இது எண்டு அப்பா ஏசுவார். கள்ளுக்கடைப் பாட்டு வந்த உடன றேடியோவை மூடிப்போடுவார்."

"அப்ப எப்பிடி அக்கா உங்களுக்கு முழுப் பாட்டும் பாடம்?"

"பக்கத்து வீட்டு றேடியோ பெரிசு."

'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' நிதியின் இன்னொரு பிரபலமான பாட்டு. குடிக்கப் போகாதே என்று கெஞ்சுகிற பாட்டுத்தான், ஆனால் அந்தக் கெஞ்சலுக்கு ஆடாமல் உட்கார்ந்திருக்க முடியாது. குடிக்கு எதிரான பிரச்சாரத்தைக் குடித்தவனும் சேர்ந்து பாடினான். தகப்பனார் றேடியோவை மூடியதில் தவறில்லை, பாட்டின் நோக்கத்தில் அவருக்கு வந்த சந்தேகம் நியாயமானது.

யோசித்துப் பார்த்தால், அறுபதுகளில் தமிழ்நாட்டில் இப்படி ஒரு கிட்டார்க்காரர் கிளம்பி ஊர் முழுக்கப் பிரபலமாகியிருக்க வழியே இல்லை. இங்கே எல்லாப் பாட்டையும் சினிமா விழுங்கிக்கொண்டது. நாட்டுப்புற மெட்டா, சினிமாவுக்கு வா. மேற்கத்திய ராக் அண்ட் ரோலா, அதற்கும் சினிமாவில் ஒரு கிளப் காட்சி உண்டு. நல்ல குரல் உள்ளவன் கோடம்பாக்கம் போனான், போக முடியாதவன் ஆர்கெஸ்ட்ராவில் சினிமாப் பாட்டையே பாடினான். தனிப் பாட்டு என்று ஒன்றுக்கு இடமே இருக்கவில்லை. இலங்கைத் தமிழருக்கோ சொல்லிக்கொள்ளும்படி சினிமா கிடையாது. அங்கே முதல் தமிழ்ப் படமான 'சமுதாயம்' வந்ததே 1962-ல்தான், பிறகு வந்தவையும் கைவிரலால் எண்ணக்கூடியவை. திரையில் பாடக் கிடைக்காத குரல்களுக்கு வானொலி இருந்தது. கொழும்பின் ஒலிபரப்பு நிலையம் உள்ளூர்ப் பாட்டுக்கு நேரம் ஒதுக்கியது. 1970க்குப் பிறகு சிறிமாவோ அரசு இறக்குமதியை இறுக்கியபோது இந்தியப் படங்களும் பத்திரிகைகளும் வருவது குறைந்தது. அதனால் பலருக்குக் கோபம்தான், உள்ளூர்ப் பாடகர்களுக்கு மட்டும் காற்று அந்தப் பக்கம் அடித்தது. சினிமா இல்லாத குறை அந்தத் தீவுக்கு ஒரு தனி இசையைக் கொடுத்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தனி இசை என்று சொன்னாலும் தனியாக முளைத்தது அல்ல. பெரியவர் மேசையில் போட்டுக்கொண்டிருந்த தாளமே அதற்குச் சாட்சி. தகிட தகிட, தகிட தகிட. ஆறு எண்ணிக்கை, இரண்டு அழுத்தம். பைலா. 1505-ல் இலங்கைக் கரையைத் தொட்ட போர்த்துக்கீசரோடும், அவர்கள் கொண்டுவந்த ஆப்பிரிக்கரோடும் வந்து சேர்ந்த ஆட்டம். 1658-ல் யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தரிடம் விட்டுப் போர்த்துக்கீசர் போனார்கள், ஆட்டம் போகவில்லை. மட்டக்களப்புப் பறங்கியர் கலியாண வீடுகளில் கஃப்ரிஞ்ஞாவாக அது உயிரோடு இருந்தது. 1940களில் வாலி பாஸ்டியன் என்ற போலீஸ்காரர் அதைச் சிங்களத்தில் பாடி நாடு முழுக்கப் பரப்பினார். (போலீஸ்காரர் ஒருவர் ஊரையே ஆடவிட்ட கதை நம் பக்கத்தில் இருக்கிறதா தெரியவில்லை.) தமிழன் காலுக்கும் அந்தத் தாளம் அந்நியமில்லை. திஸ்ர நடையில் கும்மியடித்துப் பழகிய கால்தானே.

பைலாவுக்கு மேல் கலிப்ஸோ ஒட்டிக்கொண்டது. ஹாரி பெலபான்டேயின் 'கலிப்ஸோ' இசைத்தட்டு 1956-ல் வந்து உலகம் சுற்றியது. கொழும்பில் நெவில் பெர்னாண்டோவின் 'லாஸ் கபலேரோஸ்' போன்ற குழுக்கள் ஸ்பானியப் பெயர் வைத்துக்கொண்டு சிங்களத்தில் பாடின. கிட்டார், பாங்கோ, மராக்காஸ், கூட்டுக் குரல். பிறகு 1966-ல் கிளாரன்ஸ் விஜேவர்தன, அனஸ்லி மாலேவன இருவரும் 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவைத் தொடங்கினார்கள். சிங்களப் பாட்டுக்குள் மின்கிட்டாரைக் கொண்டுவந்த பெருமை கிளாரன்ஸுக்குத் தரப்படுகிறது. முந்தைய வருடம் 1965 ஜூலையில் பாப் டிலன் அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழாவில் மின்கிட்டாரோடு மேடையேறி, கூட்டத்தில் ஒரு பகுதியின் கூச்சலை வாங்கிக்கொண்டிருந்தார். நாட்டுப்பாடலுக்கு மின்சாரம் ஆகுமா ஆகாதா என்று அங்கே பெரிய வழக்கு. கொழும்பில் அந்த வழக்கு அவ்வளவு உரக்க நடக்கவில்லை. கிளாரன்ஸின் கிட்டாரில் கிராமத்து மனிதர்களே பாட்டாக வந்தார்கள், இளைஞர்கள் அள்ளிக்கொண்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. மூன்ஸ்டோன்ஸுக்குப் பேர் வாங்கித் தந்த முதல் பாட்டுகளில் ஒன்று 'மாங்கோ களு நெந்தே'. ஒரு கறுப்பு மாமியைப் பற்றியது. அதே காலத்தில் இந்தப் பக்கம் 'சின்ன மாமியே'. சிங்களப் பொப்பிசை ஒரு மாமியிடம் தொடங்குகிறது, தமிழ்ப் பொப்பிசை இன்னொரு மாமியிடம். ஒருவர் பாட்டை ஒருவர் கேட்டுச் செய்தார்களா என்றெல்லாம் நான் துருவப்போவதில்லை. கிட்டார் கைக்கு வந்தவுடன் தீவின் இரண்டு மொழிப் பையன்களுக்கும் பாடத் தோன்றியது மாமியைத்தான்.

"எனக்குச் சிங்களம் கதைக்கத் தெரியும்" என்றார் பெரியவர். "திருகோணமலையில எல்லாருக்கும் தெரியும். கிளாரன்ஸின்ட பாட்டு நாங்களும் பாடினனாங்கள். அவங்கட பெடியள் சின்ன மாமியே பாடுவாங்கள். பேந்துதான் எல்லாம்."

பேந்துதான் எல்லாம் என்றதோடு நிறுத்திக்கொண்டார். நானும் மேலே கேட்கவில்லை. கேட்கமாட்டேன் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன்.

அடுத்த டீ வந்தது. பேச்சு 'சுராங்கனி'க்குத் திரும்பியது, திரும்பாமல் இருக்குமா. ஏ.ஈ. மனோகரன் என்றால் ஒரு நொடி யோசிப்பவர்கள் சிலோன் மனோகர் என்றால் தெரிந்துகொள்வார்கள். நீண்ட முடி, பெல்ஸ், மேடையில் ஓயாத ஆட்டம். எழுபதுகளில் அந்தப் பாட்டு பாக் நீரிணையைத் தாண்டியது. கல்லூரிச் சுற்றுலாப் பேருந்து திண்டிவனத்தைத் தாண்டுவதற்குள் பின் இருக்கையில் யாராவது 'சுராங்கனி'யைத் தொடங்கிவிடுவார்கள். டிரைவர் உட்பட எல்லோரும் கைதட்டுவார்கள். காதலிக்கு மீன் கொண்டுவரும் பாட்டு, பல்லவி சிங்களத்தில். தமிழ்நாட்டில் சிங்களம் என்று தெரியாமலே சிங்களம் பாடிய தலைமுறை ஒன்று உண்டு, நானும் அதில் ஒருவன். 1977-ல் இளையராஜா அந்த மெட்டை 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் எடுத்தாண்டார். மலேசியா வாசுதேவன் பாடினார். சினிமாவுக்கு வெளியே பிறந்த பாட்டைக் கடைசியில் இங்கே சினிமாவே வாங்கிப் போட்டுக்கொண்டது. மனோகரனும் சென்னைக்கே வந்து சேர்ந்தார், படங்களில் நடித்தார், 2018 ஜனவரியில் இங்கேயே காலமானார்.

பாட்டுக்கு முன்பே இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தது வானொலி. 1952-ல் மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டைச் சுருக்கினார். ஜனங்கள் முள்ளைத் திருப்பிக் கொழும்பில் நிறுத்தினார்கள். 1957 அக்டோபரில் விவித்பாரதி வந்த பிறகும் பலர் முள்ளைத் திருப்பி வைக்கவில்லை. ரேடியோ சிலோன் 1967 ஜனவரியில் கூட்டுத்தாபனமாக மாறியது, நம்மவர்களுக்கு அது கடைசிவரை சிலோன் ரேடியோதான். சினிமாப் பாட்டுக்காகக் காத்திருந்தவர்களின் காதில் இடையிடையே நிதியும் மனோகரனும் விழுந்தார்கள். அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் வீட்டு மனிதர்கள் ஆனது போல, இந்தப் பாட்டுகளும் வீட்டுக்குள் வந்துவிட்டன, பாடியவர் பெயர் மட்டும் வாசலில் நின்றுவிட்டது.

கடையில் உட்கார்ந்திருந்த முகாம் பையன் ஒருவன் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தான். இருபது வயது இருக்கும். இங்கேயே பிறந்தவன், பேச்சு முழுக்கச் சென்னை. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை. நண்பர்களோடு சேர்ந்து பிறந்தநாள், மஞ்சள் நீராட்டு விழாக்களுக்கு டிரம்ஸ் வாசிக்கப் போகிறான்.

"சின்ன மாமி தெரியுமாப்பா?"

"தெரியாம இன்னா சார். கேம்ப்ல எந்த பங்ஷன்னாலும் லாஸ்ட்ல அத்தான் போடச் சொல்லுவாங்கோ. நாங்க கொஞ்சம் கானா பீட்ல ஏத்திருவோம்."

"கெடுத்துப்போட்டாங்கள்" என்றார் வவுனியாக்காரர்.

"தாத்தா, நீதான் பர்ஸ்ட்டு எழுந்து ஆடுவ" என்றான் பையன்.

கானாவில் ஏற்றினால் எப்படி இருக்கும் என்று அவனையே செய்துகாட்டச் சொன்னேன். டீக்கடைப் பெஞ்சில் தட்டினான். பெரியவர் அவன் கையைப் பிடித்து நிறுத்தி, மூன்றாவது தட்டு எங்கே விழ வேண்டும் என்று திருத்தினார். பையன் மறுபடி தட்டினான். இப்போது அது வடசென்னையாகவும் இல்லை, திருகோணமலையாகவும் இல்லை. எனக்குப் பிடித்திருந்தது. வவுனியாக்காரர் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார், ஆனால் செருப்புக்குள் கட்டைவிரல் அசைந்ததைப் பார்த்தேன்.

வேலை செய்யும்போது பாடுவீர்களா என்று பெரியவரைக் கேட்டேன்.

"பாடாமல்? பத்தாவது மாடியில கயிறில தொங்கிக்கொண்டு கீழ பாத்தா மயக்கம் வரும். பாடினாக் கீழ பாக்க மாட்டம். நான் நிதியின்ட பாட்டு எடுத்தா அங்கால தொங்குறவன் மறுகுரல் குடுப்பான். பிரஷ் தன்ர பாட்டில ஓடும். ஒருக்கா மேஸ்திரி கீழ இருந்து கத்துறார், என்னடா அங்க கலியாணம் நடக்குதோ எண்டு."

"மாமி வேஷம் யார் பாடுவது?"

"நான்தான். எனக்குத்தான் கீச்சுக் குரல்."

பாட்டுக்கு எத்தனையோ உபயோகம் எழுதி வைத்திருக்கிறார்கள். உயரத்தில் கீழே பார்க்காமல் இருக்க ஒரு மாமி உதவுவாள் என்பதை நான் படித்ததில்லை.

யாழ்ப்பாணத்து அம்மாவுக்கு இந்தப் பெருமையெல்லாம் பாதிதான் சம்மதம். "எல்லாரும் பொம்பிளைப் பிள்ளையைத் தேடுற பாட்டுத்தான் பாடிச்சினம். அந்தப் பிள்ளை என்ன நினைச்சுது எண்டு ஒருத்தரும் பாடேல்லை" என்றார். சொல்லிவிட்டுத் தானே மாமியின் பகுதியை மெல்ல முணுமுணுத்தார். அவர் சொன்னது சரிதான். அந்தக் காலத்துப் பொப்பிசை மேடைகளில் நினைவில் நிற்கிற பெயர்கள் பெரும்பாலும் ஆண்களுடையவை. கேலியும் அவர்களுடையது, கிட்டாரும் அவர்களுடையது. பக்கத்து வீட்டு வானொலியில் ஒளிந்து கேட்டவர்கள் பாடியிருந்தால் வேறு பாட்டுகள் வந்திருக்கும்.

பெரியவர் போனை எடுத்து 'சுராங்கனி'யைத் தேடிப் போட்டார். ஒலி கரகரத்தது. அங்கேதான் தகராறு தொடங்கியது.

"இது மனோகரன் சொந்தமாப் போட்ட மெட்டு."

"இல்லை" என்றார் வவுனியாக்காரர். "சிங்கள ஆக்கள் ரிப் போகேக்க இதைப் பாடினதை நான் முதலே கேட்டனான்."

"எந்த வருசம்?"

"வருசம் ஆருக்குத் தெரியும். நான் அரைக் களிசான் போட்ட வயசு."

"நீங்கள் ரெண்டு பேரும் சும்மா இருங்கோ" என்றார் அம்மா. "இஞ்ச வந்து சினிமாவில கேட்டுப்போட்டு ஊரில கேட்டம் எண்டு கதை விடுறியள்."

பையன் யூடியூப்பில் தீர்ப்பைத் தேடத் தொடங்கினான். அதற்குள் முகாம் வாசலில் இருந்து ஒரு சிறுமி ஓடிவந்து, "அம்மம்மா, தண்ணி வந்திட்டுது" என்று கத்தினாள். அம்மா எழுந்துவிட்டார். வவுனியாக்காரரும் குடத்துக்கு இடம் பிடிக்கக் கிளம்பினார். போகிற போக்கில் திரும்பி, "அது சிங்களப் பாட்டுத்தான்" என்றார்.

"நீங்கள் எழுதேக்க மனோகரன்ர பாட்டு எண்டே எழுதுங்கோ தம்பி" என்றார் பெரியவர், டீக்கு என்னைக் காசு கொடுக்கவிடாமல். "அவன் கேக்கட்டும். பேப்பரைக் கொண்டந்து நான் காட்டுறன்."